கழிப்பறையிலிருந்து அடுப்புக்கும் வயலுக்கும்: பயோகேஸ் கழிப்பறை எப்படி வேலை செய்கிறது?

பயோகேஸ் கழிப்பறை, அதாவது கழிவைக் காற்றுப் புகாத கலனில் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் கழிப்பறை, என்றதும் பலரும் முதலில் கேட்பது, "அதில் வரும் வாயுவை வைத்து ஒரு வீட்டுக்குச் சமைத்துவிடலாமா?" என்றுதான். ஐந்து பேர் உள்ள குடும்பம் தன் கழிப்பறையை மட்டும் நம்பினால் முடியாது. ஒரு சின்ன அடுப்பு அரை மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அப்படியானால் குழி தோண்டி, கலன் கட்டி, குழாய் போட்டு இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு?

இதில் வாயு ஒரு கணக்கு, உரம் ஒரு கணக்கு, கிருமி ஒரு கணக்கு. விளம்பரங்களில் நீல நிறச் சுடர்தான் முதலில் வரும். உரத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கும். கிருமியைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. ஆனால் ஒரு கழிப்பறையின் முதல் வேலையே கிருமியை மனிதர்களிடம் திரும்ப வரவிடாமல் தடுப்பதுதான். அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிடும் கணக்கின்படி, 2022-ல் ஏறத்தாழ 350 கோடி பேருக்குப் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் கழிப்பறை வசதி இல்லை. இவர்களில் பலருக்குக் கழிப்பறை இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கழிவுக்குத்தான் போக்கிடம் இல்லை. பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் கழிவு ஒரு குழியில் சேர்கிறது, அல்லது செப்டிக் டேங்கில் சேர்கிறது. டேங்க் நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. போய் எங்கே கொட்டுகிறது என்பது வேறு கதை. இடையில் அந்த டேங்கிலிருந்து மீத்தேன் வாயு காற்றுக்குழாய் வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு.

பயோகேஸ் கழிப்பறை என்பது, இன்னொரு கோணத்தில் பார்த்தால், காற்றுப் புகாமல் கட்டிய செப்டிக் டேங்க்தான். உள்ளே நடக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே. வாயு வீணாகாமல் பிடித்துவைக்கப்படுகிறது, கழிவு கொஞ்சம் அதிக நாள் உள்ளே இருக்கிறது, செரித்து வெளியேறும் குழம்பான கழிவுக் கரைசலுக்கு ஒரு பயன் திட்டமிடப்படுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான். இந்த யோசனை புதிதும் அல்ல. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்தில் 1895-ல் டொனால்ட் கேமரன் என்ற பொறியாளர் தான் கட்டிய செப்டிக் டேங்கிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு விளக்கு எரித்துக் காட்டினார். அதற்கும் நூறாண்டுக்கு முன்னால், 1776-ல், இத்தாலிய விஞ்ஞானி அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா மாஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து, அது எரியும் வாயு என்று கண்டார். இன்று நாம் மீத்தேன் என்று சொல்வது அதைத்தான்.

கலனுக்குள் என்ன நடக்கிறது?

காற்று இருக்கும் இடத்தில் கழிவு மக்கினால் அதிலுள்ள கரிமம் (கார்பன்) பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். காற்றே இல்லாத இடத்தில் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் வேலையைக் கையில் எடுக்கிறது. முதலில் ஒரு பிரிவு பெரிய மூலக்கூறுகளை, அதாவது மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியவற்றை, தண்ணீரில் கரையும் சிறு துண்டுகளாக உடைக்கிறது. அடுத்த பிரிவு அவற்றை அமிலங்களாக்குகிறது. மூன்றாவது பிரிவு அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன் போன்ற இன்னும் எளிய பொருள்களாக்குகிறது. கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வருகின்றன. இவை பாக்டீரியாகூட அல்ல, ஆர்க்கியா என்ற தனி இனம். மாட்டின் இரைப்பையிலும் சதுப்பு நிலத்திலும் நீர் நிற்கும் வயலிலும் இருப்பவை இவைதான். புதிதாகக் கட்டிய கலனைப் பசுஞ்சாணம் போட்டுத் தொடங்கிவைப்பதற்குக் காரணமும் இதுதான். சாணத்தோடு இந்த நுண்ணுயிர்களும் உள்ளே போய்க் குடியேறிவிடும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் உண்டாக்குபவை வேகமானவை, சில மணி நேரத்தில் பெருகிவிடும். மீத்தேன் உண்டாக்குபவை நிதானமானவை, பெருகப் பல நாள் எடுக்கும். ஒரே நாளில் கலனுக்குள் அளவுக்கு மீறிக் கழிவைக் கொட்டினால் முன்னவை அமிலத்தைக் குவித்துவிடும், பின்னவை அந்தப் புளிப்பில் முடங்கிவிடும். அப்புறம் வாயு வரும், ஆனால் எரியாது. ஏனென்றால் வருவதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. கரைசலும் புளித்த நெடி அடிக்கும். இதற்குக் கைவைத்தியம் எளிது: சில நாள் எதையும் போடாமல் விடுங்கள், அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனின் கரைசலைக் கொஞ்சம் வாங்கி ஊற்றுங்கள். பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை, அதாவது பி.எச். அளவு 7-ஐ ஒட்டிய நிலை, இவற்றுக்குப் பிடித்தது.

வெப்பமும் அப்படித்தான். 35 டிகிரி செல்சியஸ் சுமாரில் நன்றாக வேலை செய்யும். 15 டிகிரிக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும், 10-ஐ நெருங்கினால் கிட்டத்தட்ட நின்றே போகும். கலனை மண்ணுக்கடியில் புதைப்பதில் இடம் மிச்சமாவது ஒரு லாபம். இரவிலும் குளிர்காலத்திலும் மண் வெப்பத்தைக் காப்பாற்றித் தருவது அதைவிடப் பெரிய லாபம். சீனாவின் வடபகுதிகளில் இதையும் தாண்டி யோசித்திருக்கிறார்கள். ஒரு பசுமைக்குடிலுக்குள்ளேயே பன்றிக் கொட்டிலும் கழிப்பறையும் அமைத்து, கலனை அடியில் புதைத்துவிடுவார்கள். குடிலின் வெப்பம் கலனைக் காக்கும், கலனின் உரம் குடிலில் உள்ள செடிக்குப் போகும்.

பம்பு இல்லாமல் கரைசல் எப்படி நகர்கிறது?

கலன் வகைகள் பல இருந்தாலும் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, மிதக்கும் மூடி வகை. ஒரு வாளித் தண்ணீரில் டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து அதற்குள் காற்றை ஊதினால் டம்ளர் எழும்புமே, அதே விஷயம்தான். இந்தியாவில் 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் உருவாக்கிய, பிறகு காதி கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய வடிவம் இது. வாயு சேரச்சேர மூடி உயரும், எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரும்பு மூடி துருப்பிடிக்கும். இன்னொன்று, மூடிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் கரைசல் திறந்து கிடக்கும். சாணத்துக்குப் பரவாயில்லை, மலக்கழிவுக்கு அது நல்லதல்ல.

இரண்டாவது, சீனாவில் பெரிய அளவில் பரவிய நிலைத்த குவிமாட வகை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் கழிப்பறைக்கு மிகப் பொருத்தமானது இதுதான் என்பது என் கருத்து. மண்ணுக்கடியில் செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய வட்டமான அறை, அதன் கூரை கவிழ்ந்த கிண்ணம் மாதிரி வளைந்திருக்கும். கழிப்பறைப் பீங்கானிலிருந்து வரும் குழாய் சரிவாக இறங்கி, கரைசல் மட்டத்துக்குக் கீழே முடியும். எதிர்ப்பக்கத்தில் ஒரு திறப்பு வழியாக, சற்று உயரத்தில் இருக்கும் இரண்டாவது தொட்டியோடு கலன் இணைந்திருக்கும். உள்ளே வாயு சேர்ந்து கூரைக்கடியில் அழுத்தம் கூடும்போது, அது கரைசலைக் கீழே அழுத்தும். அழுந்திய கரைசல் இரண்டாவது தொட்டியில் ஏறும். நீங்கள் அடுப்பைத் திறந்ததும் வாயு குறையும், ஏறிய கரைசல் தன் எடையால் திரும்ப இறங்கி, மிச்ச வாயுவைக் குழாய்க்குள் தள்ளும். இரண்டாவது தொட்டியின் விளிம்பைத் தாண்டும் அளவுக்குப் புதுக் கழிவு வந்தால், அந்த அளவு பழைய கரைசல் தானாக வழிந்து வெளியேறும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை, நகரும் பாகமும் இல்லை. யாரும் கையால் எதையும் தொட வேண்டியதுமில்லை. கூரையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு போய்விடும் என்பதுதான் இதன் பலவீனம். அதனால் கட்டுபவர் தேர்ந்த கொத்தனாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பை வகை. கெட்டியான பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துணியால் செய்த பெரிய பை, மேலே வாயு, கீழே கரைசல். ஒரே நாளில் நிறுவிவிடலாம், இடம் மாற்றலாம். இஸ்ரேலின் ஹோம்பயோகேஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வகையில் கழிப்பறையோடு சேர்த்தே விற்கின்றன. வெயிலும் கூரான பொருள்களும் இதன் எதிரிகள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பயோ டாய்லெட்" என்ற பெயரில் வருவதெல்லாம் பயோகேஸ் கழிப்பறை அல்ல. இந்திய ரயில் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் தொட்டிகளிலும் நுண்ணுயிர்கள்தான் கழிவைச் செரிக்கின்றன, வாயுவும் உண்டாகிறது. ஆனால் அந்த வாயு பிடிக்கப்படுவதில்லை, காற்றில் விடப்படுகிறது. தண்ணீரே ஊற்றாமல், காற்றோட்டத்தில் மக்கவைக்கும் உலர் கழிப்பறைகளும் உண்டு. அவற்றில் உரம் மட்டும் கிடைக்கும், வாயு கிடையாது.

வாயுக் கணக்கு

ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலம் பொதுவாக 100 முதல் 400 கிராம் வரை. உண்பதில் நார்ச்சத்து எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். மிச்சத்திலிருந்து நடைமுறையில் 20 முதல் 30 லிட்டர் பயோகேஸ் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேருக்கு நூறிலிருந்து நூற்றைம்பது லிட்டர். சிறிய அடுப்பு ஒன்று மணிக்கு 200 முதல் 300 லிட்டர் வரை இழுக்கும். அதனால்தான் தொடக்கத்தில் அரை மணி நேரம் என்றேன்.

மாட்டோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு மாடு நாளுக்குப் பத்து கிலோ சாணம் போட்டால், கிலோவுக்கு 35 லிட்டர் வீதம் 350 லிட்டர் வாயு. ஒரு மாடு தருவதை மனிதர்கள் தர வேண்டுமென்றால் பன்னிரண்டு முதல் பதினெட்டு பேர் வரை வேண்டும். அதனால் வீட்டளவில் கழிப்பறையைத் தனியாகக் கலனோடு இணைப்பது அரிது. சாணக் கலனோடு கழிப்பறையையும் சேர்ப்பது, அல்லது சமையலறைக் கழிவையும் அதே கலனில் போடுவதுதான் வழக்கம். சமையலறைக் கழிவு, கிலோவுக்குக் கிலோ, சாணத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் வாயு தரும்.

இப்படிக் கலப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் நைட்ரஜனும் ஒரு விகிதத்தில் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 20 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் நல்லது. மனித மலத்தில் அது 8 பங்கு அளவில்தான் இருக்கிறது, சிறுநீரில் 1-க்கும் கீழே. நைட்ரஜன் மிகுந்தால் அது அமோனியாவாகி மீத்தேன் நுண்ணுயிர்களைத் துன்புறுத்தும். கரிமம் நிறைந்த சாணமோ நறுக்கிய இலைதழையோ சேரும்போது இந்த விகிதம் சரியாகிவிடும்.

நிறையப் பேர் பயன்படுத்தும் இடங்களில் கதையே வேறு. 200 பேர் தங்கும் ஒரு விடுதியில் நாளுக்கு ஐயாயிரம் லிட்டர், அதாவது ஐந்து கனமீட்டர் வாயு வரும். ஒரு கனமீட்டர் பயோகேஸ் ஏறத்தாழ 450 கிராம் எல்பிஜிக்குச் சமம் என்பதால், நாளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எல்பிஜி மிச்சம். பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் நிறுவனம் 1982-ல் பாட்னாவில் பொதுக் கழிப்பறையோடு பயோகேஸ் கலனை இணைத்தது இந்தக் கணக்கில்தான். ருவாண்டாவில் 2000-களின் தொடக்கத்தில், கிகாலி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் சிறைச்சாலைகளில் இப்படிப்பட்ட பெரிய கலன்களைக் கட்டியது. ஆயிரக்கணக்கான கைதிகள், அவர்களுக்குச் சமைக்க மலை மலையாக விறகு, வெளியே வழியும் கழிவு என்று இருந்த இடத்தில், விறகுச் செலவு பாதியளவுக்குக் குறைந்தது. அந்தப் பணிக்கு 2005-ல் ஆஷ்டன் விருது கிடைத்தது. பள்ளி, விடுதி, முகாம், சிறை என்று ஒரே இடத்தில் பலர் இருக்கும் இடங்கள்தான் இதற்கு ஏற்றவை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது கலனின் அளவு

கட்டத் திட்டமிடுபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். கழிவு உள்ளே குறைந்தது 40, 50 நாளாவது இருக்க வேண்டும். ஐந்து பேர், ஆளுக்கு நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 50 லிட்டர். மலமும் சிறுநீரும் சேர்த்து 60 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நாளுக்கு மூவாயிரம் லிட்டர், அதாவது மூன்று கனமீட்டர் கொள்ளளவு போதும்.

அதே குடும்பம் எட்டு லிட்டர் ஃப்ளஷ் தொட்டி வைத்திருந்தால்? தண்ணீர் மட்டுமே 200 லிட்டர். அதே 50 நாளுக்குப் பத்து கனமீட்டருக்கு மேல் கலன் வேண்டும். வாயு மட்டும் ஒரு லிட்டர்கூட அதிகமாக வராது. கலனைப் பெரிதாக்காமல் விட்டால், கழிவு பதினைந்தே நாளில் அரைகுறையாக வெளியே வந்துவிடும். அதோடு கிருமியும் வரும். ஆகவே கையால் ஊற்றும் வகை, அல்லது ஒரு லிட்டர் சுமாரில் கழுவிவிடும் சிறப்புப் பீங்கான்தான் இதற்குச் சரி. குளிக்கும் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், மழைநீர் எதுவும் கலனுக்குள் போகக் கூடாது.

பினாயில், பிளீச்சிங் பவுடர், அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் எல்லாமே நுண்ணுயிரைக் கொல்லத்தான் தயாரிக்கப்படுகின்றன. அவை நம் கலனில் உள்ள நுண்ணுயிரையும் விட்டுவைக்காது. கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் நல்ல பிரஷும் போதும். நாப்கின், டயப்பர், பிளாஸ்டிக் உறை போன்றவற்றுக்குக் கழிப்பறையிலேயே மூடியுள்ள தனிக் கூடை வைத்துவிட வேண்டும். ஒரு நாப்கின் போதும், நுழைவுக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

உரம்: சத்து இருக்கிறது, ஆனால்…

கலனுக்குள் கரிமம்தான் வாயுவாக வெளியேறுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும் ஏறக்குறைய அப்படியே கரைசலில் தங்கிவிடும். தழைச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியம் வடிவத்துக்கு மாறிவிடுவதால் செடியும் அதைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். ஒருவர் ஓராண்டில் கழிக்கும் மலத்திலும் சிறுநீரிலும் சேர்த்து, உண்ணும் புரதத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ தழைச்சத்து இருக்கும். இதில் பெரும்பங்கு சிறுநீரில்தான். மணிச்சத்தில்கூடப் பாதிக்கு மேல் அங்கேதான். மலத்தைத்தான் உரம் என்று நினைக்கிறோம், சத்தோ பெரும்பாலும் இன்னொரு பக்கம் போகிறது!

இந்தக் கரைசலை வெயிலில் மண்மேல் தெளித்துவிட்டுப் போனால் அமோனியா ஆவியாகிக் காற்றோடு போய்விடும். சால் பறித்து ஊற்றி, உடனே மண் மூட வேண்டும். இப்படிச் செய்வது கிருமி விஷயத்திலும் உதவும்.

சரி, இனி கிருமிக் கணக்கு. கலனுக்குள் போய் வந்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. காற்றில்லாத சூழலும், நாள்பட்ட தங்கலும், நுண்ணுயிர்களுக்குள் நடக்கும் போட்டியும் சேர்ந்து நோய்க்கிருமிகளைப் பெருமளவு குறைக்கும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியாக்கள் நன்றாகவே குறையும். நாற்றமும் குறையும், ஈக்களும் அவ்வளவாக வராது. ஆனால் பெருமளவு குறைவது வேறு, இல்லாமல் போவது வேறு.

இதில் சோதனைப் பொருளாக எல்லோரும் எடுத்துக்கொள்வது, மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைக்குப் பல அடுக்குத் தடித்த ஓடு. 30, 35 டிகிரியில் ஓடும் கலன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குளோரினும் அதை எளிதில் ஒன்றும் செய்யாது, அதனால் வெளியேறும் இடத்தில் குளோரின் மாத்திரை வைத்திருக்கிறோம் என்று விற்பவர் சொன்னால், பாக்டீரியாவுக்கு அது பயன்படும், முட்டைக்குப் பயன்படாது என்று புரிந்துகொள்ளுங்கள். முட்டை கனமானது என்பதால் கலனின் அடியில் சேறோடு படிந்துவிடும், மேலே வழியும் கரைசலில் குறைவாக இருக்கும். அது ஒரு நன்மை. ஆனால் சில ஆண்டுக்கு ஒருமுறை அடிச்சேற்றை எடுக்கும்போது அத்தனையும் மொத்தமாக வெளியே வரும். மண்ணில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இன்னொன்று: சராசரியாக 50 நாள் தங்குகிறது என்றால் ஒவ்வொரு துளியும் 50 நாள் தங்குகிறது என்று பொருளல்ல. இன்று காலை போனதில் ஒரு சிறு பங்கு குறுக்குவழியில் நாளையே வெளியேறலாம். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைப்பதும், இரண்டு மூன்று அறைகளாகப் பிரிப்பதும் இதற்காகத்தான்.

அந்த முட்டையை உண்மையில் முடிப்பவை வெப்பம், வறட்சி, காலம். 70 டிகிரியில் ஒரு மணி நேரம், அல்லது 55 டிகிரிக்கு மேல் பல நாள். கரைசலைக் காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் இவற்றோடு குவித்து, காற்றோட்டத்தோடு மக்கவைத்தால் குவியலின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டும். ஓரங்கள் எட்டாது என்பதால் புரட்டிப் போட வேண்டும். அடிச்சேறாக இருந்தால் உலர்த்தும் படுக்கையில் பரப்பிக் காயவிட்டு, பிறகு மூடி வைத்துவிடலாம். உலர்ந்த மலத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி, 20 டிகிரிக்கு மேல் உள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேல், குளிர்ந்த இடங்களில் ஒன்றரையிலிருந்து இரண்டு ஆண்டு என்று சேமிப்புக் காலம் சொல்கிறது. காலம் முடியும்வரை புதுக் கழிவு ஒரு பிடிகூட அதில் சேரக் கூடாது.

இவ்வளவும் செய்ய முடியாதவர்களுக்கு அந்த வழிகாட்டியே இன்னொரு பாதை காட்டுகிறது: ஒரே தடையை நம்பாமல் பல தடைகளை அடுக்குவது. கரைசலை மரங்களுக்கும், தீவனப் பயிருக்கும், நாருக்காக வளர்ப்பவற்றுக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும், மண்ணுக்குள் விளையும் கிழங்குக்கும் விடக் கூடாது. தெளிக்காமல் வேரடியில் ஊற்றலாம். கடைசியாக உரம் விட்டதற்கும் அறுவடைக்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி கொடுக்கலாம். கையுறை, காலணி, வேலை முடிந்ததும் சோப்பு. ஒவ்வொன்றும் சின்னத் தடைதான், எல்லாம் சேர்ந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

வழியும் கரைசலை வயலுக்கு விடாமல் உறிஞ்சுகுழியில் விடுவதாக இருந்தால் கிணறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது 15 மீட்டர் தள்ளி என்று பொதுவாகச் சொல்வார்கள். மணல் பாங்கான நிலமோ, நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடமோ என்றால் அதுவும் போதாது. பாறை விரிசல் உள்ள நிலத்தில் உறிஞ்சுகுழியைத் தவிர்ப்பதே மேல்.

அடுப்பில் எரியும் வாயுவில் கிருமி இருக்குமா என்று பலருக்கு உள்ளூரத் தயக்கம் இருக்கும். எல்லா நாட்டிலும் உண்டு இது. புழு முட்டை வாயுவில் பறந்து வராது, மிச்சசொச்சம் ஏதாவது வந்தாலும் சுடரில் மிஞ்சாது. எரியும் மீத்தேனுக்கு அது சாணத்திலிருந்து வந்ததா கழிப்பறையிலிருந்து வந்ததா என்ற அடையாளமே கிடையாது. அந்தப் பக்கம் கவலையே வேண்டாம், கவலை முழுவதையும் கரைசல் பக்கம் வையுங்கள்.

வாயுவைக் கையாளும்போது

பயோகேஸில் 50 முதல் 70 சதவீதம் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் நீராவி, ரொம்பக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை அந்தக் கடைசி வாயுவுடையது. அது இரும்பை அரிக்கும், அளவு கூடினால் ஆளையும் கொல்லும். இரும்புத் துருவலோ எஃகு நாரோ அடைத்த ஒரு சின்ன வடிகட்டியைக் குழாயில் வைத்தால் அது பிடித்துக்கொள்ளும். நீராவி குழாயில் குளிர்ந்து தண்ணீராக நின்றால் சுடர் நடுங்கும், சில சமயம் அணைந்தே போகும். குழாய் முழுவதும் ஒரே பக்கம் சரிவாக இருந்து, தாழ்வான இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு வால்வு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

புதுக் கலனில் முதலில் வரும் வாயுவை எரிக்கக் கூடாது. உள்ளே ஏற்கெனவே இருந்த காற்று அதில் கலந்திருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் அது வெடிக்கும் கலவை. முதல் சில தடவை திறந்தவெளியில் விட்டுவிட்டு, பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எல்பிஜி அடுப்பை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. பயோகேஸ் குறைந்த அழுத்தத்தில் வருவது, வெப்பமும் குறைவு, அதனால் துளை பெரிதான அடுப்பு வேண்டும். மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கசிவு வெடிவிபத்துக்கு மட்டும் வழியல்ல, மீத்தேனைக் காற்றில் விட்டால் இவ்வளவு செய்தும் சூழலுக்குப் பயனில்லை. பயன்படுத்தாத நாளில் சேரும் வாயுவையும் எரித்துவிடுவதே சரி.

எது நடந்தாலும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. வாயுவைத் திறந்துவிட்டோம், காலியாகிவிட்டது, இனி பரவாயில்லை என்று நினைத்து இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்றப் பின்னால் இறங்கியவர்களும் இறந்துபோவது உலகெங்கும் நடக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடும்போது மூக்கு மரத்துவிடும், வாடை தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடிச்சேற்றை எடுக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து உறிஞ்சும் இயந்திரம்தான் வழி. அதற்கேற்றபடி, கலனின் அடிவரை போகும் அகலமான ஒரு குழாயைக் கட்டும்போதே வைத்துவிடச் சொல்லுங்கள். பின்னால் துளைக்க முடியாது.

யாருக்கு இது சரிப்படும்? தண்ணீர் ஓரளவு இருந்து, ஆண்டின் பெரும்பகுதி வெப்பமாக இருந்து, கூடவே சாணமோ சமையலறைக் கழிவோ கிடைத்து, கரைசலை விட நிலமும் இருந்தால் வீட்டுக்கும் சரிப்படும். ஆள் கூட்டம் உள்ள இடமாக இருந்து, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க முடிந்தால் இன்னும் நன்றாகச் சரிப்படும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள இடத்தில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைதான் புத்திசாலித்தனம். கடுங்குளிர்ப் பகுதியில் கலனைச் சூடாக்கவே வாயு செலவாகும். பக்கத்துத் தெருவரை சாக்கடைக் குழாய் வந்து, முடிவில் சுத்திகரிப்பு நிலையமும் ஒழுங்காக ஓடுகிறதென்றால், தனி வீட்டுக்காரர் அதில் இணைப்பு வாங்கிக்கொள்வதே குறைந்த வேலை. அந்தப் பெரிய நிலையங்களில் பலவும் இதே முறையில் கழிவைச் செரித்து, வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கின்றன.